ஜெசிந்தா அக்காவுக்குப் பின்னிய லேஸ் டாப்

வெள்ளவத்தையில் பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்த இடம்?" என்று கேட்கிறார்கள். கோயம்புத்தூர் என்றால், "ஓ, இந்தியாவோ" என்று புன்னகைத்துவிட்டு, அதன்பிறகு யோசித்து யோசித்துப் பேசுகிறார்கள். கணவரின் வேலைக்காகக் கடல் தாண்டி இங்கே வந்த எட்டு மாதத்தில் நானும் அப்படியே ஆகிவிட்டேன். யார் கதவைத் தட்டினாலும் எதற்கு வந்திருக்கிறார்களோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

நான் வீட்டிலேயே ஆர்டருக்குப் பின்னிக் கொடுப்பதைக் கேள்விப்பட்டு, நகரின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனையிலிருந்து ஜெசிந்தா அக்கா வந்தபோதும் அப்படித்தான். ஐம்பது வயதிருக்கும். மகளின் நிச்சயதார்த்தத்தில் தான் போட்டுக்கொள்ளப் பருத்தி நூலில் கையால் பின்னிய லேஸ் டாப் வேண்டுமாம். நான் டேப்பை எடுத்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"அளவு வேண்டாம் தங்கச்சி. இந்தச் சட்டை அளவுக்குப் பின்னுங்கோ."

ஒரு பழைய பிளவுஸை நீட்டினார். பிறகு, நான் கட்டத்தாளில் வரைந்து வைத்திருந்த இலைப் பின்னலை, ஒரு வார்த்தை கேட்காமல் போனில் படம் பிடித்தார். திருப்பூரில் வேலை பார்த்தபோது, தினமும் என்னோடு சாப்பிட்ட தோழி இப்படித்தான் என் டிசைனைப் படமெடுத்து, தன்னுடையது என்று மேலாளரிடம் காட்டினாள். அளவெடுக்க விடாமல் டிசைனை மட்டும் எடுத்துப்போகிறவருக்கு டாப்பா வேண்டும்? அன்றே தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டதால் பின்னினேன்.

மூன்றாவது வாரம் போட்டுப் பார்க்க வந்தவர், அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். சால்வையைப் போர்த்தியபடி வெளியே வந்தார்.

"வடிவா இல்லை தங்கச்சி."

இங்கே வடிவு என்றால் அழகு. கோபத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

"வடிவமெல்லாம் சரியாத்தானுங்க இருக்கு. வேணும்னா நீங்க எடுத்த போட்டோவைக் காட்டி வேற யார்கிட்டயாவது பின்னிக்கோங்க."

அவர் முகம் சுருங்கியது. "மகளுக்குக் காட்டத்தான் எடுத்தனான். ஓட்டைக்குள்ளால தெரியுமோ எண்டு கேக்க."

சால்வையை விலக்கினார். இடப்பக்கம் பின்னல் தொய்ந்து, உள்ளே விழுந்து கிடந்தது.

"போன வருசம் ஒப்பரேஷன் செய்து நெஞ்சில ஒரு பக்கத்தை எடுத்திட்டினம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா, மகளுக்கும் அந்த நோய் வரும் எண்டு கதைப்பினம்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க இந்தியா ஆள் எண்டபடியாத்தான் வந்தனான். உங்களுக்கு இஞ்ச ஒருத்தரையும் தெரியாதெல்லோ."

அது சுருக்கென்று தைத்தது. என்னை நம்பி அவர் வரவில்லை. சொல்ல எனக்கு ஆளில்லை என்று நம்பித்தான் வந்திருக்கிறார். ஆனால் நான் மட்டும் அவரை என்ன நினைத்திருந்தேன்?

அலமாரியைத் திறந்தேன். டாப்பைப் பிரித்து நூலை உருட்டினேன். இம்முறை அவர் கையை உயர்த்தி அளவெடுக்க விட்டார். இடத்தோளிலிருந்து வல இடுப்புவரை சாய்வாக இறங்கும்படி இலைகளை ஓட்டையில்லாமல் நெருக்கமாகப் பின்னினேன். பஞ்சு வைக்க உள்ளே ஒரு சிறிய பையும் சேர்த்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். அன்று கொட்டாஞ்சேனை வீட்டில் ஜெசிந்தா அக்கா சால்வையில்லாமல் நடமாடினார். சம்பந்தி அம்மா அந்த இலைகளைத் தொட்டுப் பார்த்து, "ஆர் பின்னினது?" என்று கேட்டார்.

"எங்கட தங்கச்சி," என்றார் ஜெசிந்தா அக்கா, என்னைப் பார்க்காமலே.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கோவையிலிருந்து அழைத்தாள்.

"எங்க கண்ணு இருக்கே?"

"வீட்டுக்கு வந்துட்டிருக்கேன்மா."

"வர்றயா? சொல்லவே இல்லையே! எத்தன மணிக்கு பிளைட்டு?"

பஸ் வெள்ளவத்தையை நெருங்கிக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தபடியே, இறங்குவதற்கு மணியை அழுத்தினேன்.