கரிக்கார நிகோனின் முதல் வாக்கியம்

ஏதென்ஸ் சந்தையில் பேச்சு வாத்தியார்களைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் கரிக்கார நிகோன் அளவுக்கு வாய் வலிக்கத் திட்டியவர் யாருமில்லை. மலையில் மரம் வெட்டி, மண் மூடி எரிக்கும் மூட்டம் போட்டு, கழுதைமேல் கரி ஏற்றி வந்து விற்பவன் அவன். ஊர் ஊராய் வந்து பணக்காரப் பிள்ளைகளின் நாக்கைச் சாணை பிடித்துக் கொடுக்கும் அந்தக் கூட்டத்தைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் தப்பே இல்லை. பொய்க்கு அலங்காரம் செய்து அனுப்புகிறவனை வேறெப்படிப் பார்ப்பது?

அவர்களில் பெரிய ஆள், சிசிலியிலிருந்து வந்த டெய்னியாஸ். அவனிடம் இரண்டு வருஷம் படித்தவன் பாம்பிலோஸ், நிகோனின் பக்கத்து நிலத்துக்காரன். திராட்சைமதுத் திருவிழாவில் ஊரே குடித்துக் கிடந்தபோது எல்லைக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டு, நிகோனின் திராட்சைத் தோட்டம் தன்னுடையது என்று கூசாமல் வழக்குப் போட்டான். நிகோனின் அப்பா நட்ட தோட்டம் அது. போனால் கழுதையும் கரியும்தான் மிச்சம்.

மனைவி மெலித்தா கெஞ்சினாள். "ஏங்க, கோவத்த மூட்டை கட்டி வச்சிட்டு அந்த டெய்னியாஸயே போய்ப் பாருங்களேன். கோர்ட்ல நீங்கதானே எழுந்து நின்னு பேசணும்?"

"அவன் வாசல்ல நான் போய் நிக்கறதா? என் நிலம்டி. நடந்தது நடந்தபடி சொல்ல எனக்கு வாத்தியார் எதுக்கு?"

மூட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவனாகவே ஒரு தொடக்கம் யோசித்து வைத்தான். அதற்குமேல் உண்மை தானாக வரும் என்று நம்பினான்.

வழக்கு நாளில் இருநூற்றொரு நடுவர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பேசும் நேரத்தை அளக்கும் தண்ணீர்ப் பானையைத் திறந்துவிட்டார்கள். வழக்குப் போட்டவன் என்பதால் பாம்பிலோஸ்தான் முதலில் எழுந்தான். எங்கிருந்தோ ஒரு கிழிந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தான், படுபாவி.

"ஐயாமாரே, எனக்குப் பேசத் தெரியாது. நடந்தத மட்டும் சொல்றேன்."

நிகோன் யோசித்து வைத்திருந்த தொடக்கமும் அதேதான்.

பாம்பிலோஸ் கடைசிச் சொட்டு வரை பேசினான். வேண்டிய இடத்தில் குரல் தழுதழுத்தது. பானையை மறுபடி நிரப்பியதும் நிகோன் எழுந்தான். வேறு தொடக்கம் அவனிடம் இல்லை.

"ஐயாமாரே, எனக்குப் பேசத் தெரியாது..."

பெஞ்சுகள் கொல்லென்று சிரித்தன.

"யோவ் கரிக்காரா, நீயும் அதே வாத்தியார்கிட்டதான் பேச்ச வாங்கினியா?"

"தெனம் இதயே கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. புதுசா ஏதாவது வாங்கிட்டு வரக்கூடாதா?"

"ஐயா, சத்தியமா நான் எவன்கிட்டயும் போகல..."

"அது பாடத்துல ரெண்டாவது வரிய்யா!"

சிரிப்பு அடங்கவேயில்லை. கல் நகர்ந்தது, அப்பா நட்ட கொடி, எதையும் சொல்ல அந்தச் சிரிப்பு விடவில்லை. தண்ணீர் தீர்ந்தது. தோட்டம் பாம்பிலோஸுக்குப் போனது.

மாணவனின் பேச்சைக் கேட்க வந்திருந்த டெய்னியாஸ் வெளியே அவனை வழிமறித்தான். "தொடக்கம் சுத்தமா இருந்துச்சு, பெரியவரே. யார்கிட்ட படிச்சீங்க?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். நிகோன் கரி படிந்த இரண்டு கைகளையும் டெய்னியாஸின் வெள்ளைப் போர்வையில் நிதானமாகத் துடைத்துவிட்டு நடந்தான்.

வீட்டு வாசலிலேயே மெலித்தா காத்திருந்தாள். "என்னங்க ஆச்சு? சொல்லுங்க."

"எனக்குச் சொல்லத் தெரி..." என்று ஆரம்பித்தவன், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.