பதினோரு பேரின் மரியாதை

கணக்குப் பேராசிரியைக்கு ஐம்பத்திரண்டு வயது. காலம் ஓட ஓட ஒரு பொருள் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தொடக்கத்தில் தூசியளவு பிசகினாலும் முடிவு எங்கேயோ போய்விடும் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லுவாள்.

"உன் மூக்குக்கண்ணாடி எங்க போய்ச் சேரும்னு முதல்ல கண்டுபிடி," என்பார் கணவர், ஃபிரிட்ஜிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தபடி.

எட்டு வருடம் மல்லுக்கட்டிய தேற்றம் ஒருவழியாக முடிந்திருந்தது. திங்கட்கிழமை ஆய்விதழுக்கு அனுப்பவேண்டும். அதற்குள் கை சும்மா இராமல், நிரூபணத்தை வகுப்புப் பலகையில் எழுதிப் போட்டாள். மாணவர்கள் பதினோரு பேர், ஆளுக்கொரு நாடு. "புரிஞ்சுதா?" என்றாள். பதினோரு தலைகளும் ஆடின. அதையே வீட்டுப்பாடமாகவும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் திருத்த உட்கார்ந்தாள். ஒவ்வொரு தாளின் முன்பக்கத்திலும் அவள் போட்டதே எழுத்துப் பிசகாமல் இருந்தது. பின்பக்கத்தில், பென்சிலில், பொடிப்பொடியாக வேறொரு கணக்கு. முதல் தாளைப் பார்த்துச் சிரித்தாள். நாலாவதிலும் அதே கணக்கைக் கண்டதும் தன் நிரூபணத்தை எடுத்து வைத்துச் சரிபார்த்தாள். ஐந்தாவது வரியில், காலத்தை ஓடவிட்ட பிறகு சுருக்கவேண்டிய தூரத்தை அவள் முதலிலேயே சுருக்கியிருந்தாள். ஷூவை மாட்டிக்கொண்டு அதன்மேல் சாக்ஸ் போட்ட கதை.

"என்னாச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் கணவர்.

"பதினோரு பேருக்கும் தப்பு தெரிஞ்சிருக்குங்க. ஒருத்தரும் மூச்சு விடலை."

"அப்படியே அனுப்பிடேன். அங்க எவன் உக்காந்து பாக்கப் போறான்?"

"இந்தப் பசங்களே பாத்துட்டாங்களே!"

திங்கட்கிழமை அனுப்பவில்லை. வகுப்புக்குப் போய்த் தாள்களை மேசையில் வைத்தாள்.

"ஏன் யாரும் வாயைத் திறக்கலை?"

"டீச்சர் தப்புன்னு சொல்றது எங்க பக்கம் வழக்கமில்லை, மேடம்," என்றாள் முன்வரிசைப் பெண்.

"நீங்க வேணும்னே தப்பா போட்டு எங்களை ஆழம் பாக்கறீங்கன்னு நினைச்சேன்," என்றான் நெட்டையன்.

"எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டினேன்," என்றான் கடைசி பெஞ்சுக்காரன். அவன்தான் உண்மை பேசுகிறவன்போலத் தெரிந்தது.

பேராசிரியை பலகையில் இன்னும் அழியாமல் இருந்த ஐந்தாவது வரியை அழித்தாள். "உங்க மரியாதையால என்னைப் பாத்து ஊரே சிரிச்சிருக்கும். வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லித் தொலைங்க."

முன்வரிசைப் பெண்ணின் கை பாதி எழுந்தது.

"மேடம்... ரெண்டாவது வரியும்..."

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாக்பீஸை நீட்டினாள்.

"வா தாயே. நீயே போடு."