காயில் கடையில் ஆம்பளை இல்லையா?

பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் தொழிலில், கருகிய கம்பியை உருவுவதைவிடக் கஷ்டமான வேலை, "மெக்கானிக் எங்கே?" என்பதற்குப் பதில் சொல்வது. சொந்தமாகக் கடை போட்ட சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கையெழுத்து

கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் காயில் கட்டினேன். அந்த செக்‌ஷன் முழுக்கப் பெண்கள்தான். தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் கடை பிடிக்கப் போனபோது, கட்டடக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், பஸ் கண்டக்டரான என் கணவரிடமே பேசினார். ஆறு மாதம் பார்ப்பாராம்; கடைக்கு ஆள் வராவிட்டால் காலி பண்ணிவிட வேண்டுமாம். பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் பதறிவிட்டார்.

"கடைய நீங்களே நடத்துங்கம்மா. கையெழுத்த மட்டும் சார் போட்டுட்டுப் போகட்டும்."

காக்கிச் சட்டை

ஐந்து மாதத்தில் வந்தவை இரண்டு மிக்சி, ஒரு டேபிள் ஃபேன். அப்புறம்தான் பக்கத்து ஊரான எரியோட்டிலிருந்து ஒரு தக்காளி விவசாயி முதல் மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவசரம் என்றார். ஆனால் மெக்கானிக் வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் மெக்கானிக் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார், மோட்டாரைத் தரவில்லை.

மதியம் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு என் கணவர் வர, மனிதர் துள்ளி எழுந்து, "வாங்க மெக்கானிக்கு!" என்றார். "நான் டிக்கெட் கிழிக்கிற ஆளுண்ணே. மோட்டாரெல்லாம் அவதான்" என்றார் இவர். மோட்டார் மறுபடி வண்டியில் ஏறிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விவசாயி ஆறுதலாகச் சொன்னார்:

"தப்பா நெனைக்காத தாயி. அம்புட்டுத் தக்காளியும் வாடுது, இப்பப் போயி ஒன்னையப் பரீட்சை பண்ணிப் பாக்க முடியுமா?"

கிணற்றடி

நாலே நாளில் அதே மோட்டார் திரும்பி வந்தது. வேறு கடையில் கட்டிய காயில் புகைந்துவிட்டதாம். இந்தத் தடவை பெஞ்சை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கம்பி சுற்றியது, பேப்பர் செருகியது, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தது என்று ஒன்றையும் விடாமல் பார்த்தார். மறுநாள் அவர் தோட்டத்துக்கு நானே போய் மாட்டினேன். இதுவும் புகைந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் விழுந்தது. மனிதர் இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவிக்கொண்டு, மனசு நிறைந்து சொன்னார்:

"கண்டக்டர் சாரு ஒனக்கு நல்லாத்தேன் சொல்லிக் குடுத்திருக்காரு தாயி."

அவர் ஊர்க்காரர்கள் வரிசையாக மோட்டார் கொண்டுவந்ததில் கடை தப்பித்தது. மோட்டாருக்குள் என்ன இருக்கிறதென்று இன்றுவரை எட்டிப் பார்க்காத என் கணவர்தான் அந்தப் பக்கத்தில் பேர்போன காயில் வாத்தியார்.