புதுசு ஒன்றும் இல்லை

கண்ணுகளா, வத்தலக்குண்டில் கொட்டுகிற மழையில் நம்மை ஏற்றிக்கொண்ட வேன் டிரைவரை உங்களுக்கு நினைவிருக்காது. ஒல்லியான உடம்பு, காதை மூடிய மஃப்ளர், மூக்கு நுனியில் கண்ணாடி. மலைப்பாதை பற்றி டிரைவர்கள் தங்கள் போன் குழுவில் போடும் பதிவுகளை உரக்கப் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

டீ குடித்துவிட்டு வந்து, சீட்டில் விட்டுப்போயிருந்த போனைப் பார்த்தவர் முகம் மாறியது.

"புதுசு ஒண்ணுமே இல்லைன்னு காட்டுதே. யாருங்க இதைத் தொட்டது?"

சின்னவளே, நீதான் அதை வைத்து விளையாடியிருந்தாய்.

"பாப்பாதாண்ணே. எல்லாம் படிச்சதாத்தானே காட்டுது? வெரசா கெளம்புங்க," என்றேன்.

"தொறந்தாலே படிச்சதா வச்சுக்கும் சார். நான் படிக்கலையே!"

காலையில் வந்த பதிவிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிப் பதிவை இரண்டு முறை படித்தார்.

"வளைவுக்கு மேல பாறை ஆடிக்கிட்டுக் கெடக்கு. யாரும் மேல வராதீங்க."

நமக்கு முன்னால் ஒரு வேன் பிள்ளைகளோடு கிளம்பிக்கொண்டிருந்தது. "ஏலே, நில்லுலே! ஏறாத!" என்று கத்திக்கொண்டே மழையில் ஓடினார். அது நிற்கும்வரை உங்கள் இருவரையும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போதும் என் போனில் புதுசு ஒன்றும் இல்லையென்று காட்டினால், யார் கை பட்டதோ என்று முதலிலிருந்து படிக்கிறேன்.