அரைப்பேச்சின் மறுபாதி

சுமை தூக்குகிறவர்கள் குடியிருக்கும் தெருக்களின் பேச்சுக்கு ஊர் வைத்த பெயர் அரைப்பேச்சு. பெயர் வந்ததற்கு ஒரு வதந்தி உண்டு. அந்தக் காலத்து மேஸ்திரி ஒருவரின் நாக்கு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிப் பாதி போய்விட்டதாம். அவர்மேல் வைத்த மரியாதையில் தெருவே பாதியோடு நிறுத்திப் பேசப் பழகியதாம். நாக்கு எப்படி அங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. நல்ல வதந்திக்கு அதெல்லாம் தேவைப்படாது.

தையல் கம்பெனியில் இதற்குச் சிரிக்காதவள் காஜாக்காரி மட்டும்தான். சட்டைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் துளை தைப்பது, அவள் வேலை. ஊரின் மறுகோடியிலிருந்து அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். சுமை தூக்கும் அவள் புருஷன் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டான். "சாப்பாடு..." என்பான், நிறுத்துவான், முகத்தைப் பார்ப்பான். நம்மிடம் முழுசாகப் பேசும் அளவுக்கு நமக்கு யோக்கியதை இல்லை போலிருக்கிறது என்று அவளுக்குள் புழுங்கும். கல்யாணமான புதிதில் ஒருநாள், "உன்னைய மாதிரி ஒருத்தி..." என்று தொடங்கினான். அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். பிறகு விளக்கை அணைத்துவிட்டான். அது இன்றுவரை அவளுக்குள் முள்.

"விசாரிச்சுட்டு வரேன், அப்புறம் சிரிங்கடி" என்று கம்பெனியில் சொல்லிவிட்டு, அந்த நாக்குக் கதை நிஜமா என்று வீட்டில் கேட்டாள்.

"அதுவா, அது வந்து..." என்றான் புருஷன். அவ்வளவுதான்.

"சுவத்துகிட்ட கேட்டிருக்கலாம்" என்று தட்டை ணங்கென்று வைத்தாள்.

மறுவாரம் கம்பெனி இடம் மாறியது. மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்க வந்தது அவள் புருஷனும் கொழுந்தனும். புருஷன் கீழே, பின்னோக்கி இறங்கினான், கொழுந்தன் மேலே. நடுவில் பீரோ. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேலே மாடிப்படிக் கைப்பிடி ஓரமாக எட்டிப் பார்த்தவளுக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

"வலது கால்..."

"...வெச்சாச்சுண்ணே."

"கைப்பிடிச் சுவரு..."

"...ஒரு சாண் தள்ளி."

மறுபாதி வந்த பிறகுதான் கால் அசைந்தது. திருப்பத்தில், "இப்ப லேசா..." என்றான் புருஷன். மேலே சத்தமில்லை. கொழுந்தனின் கையில் சுற்றிய துண்டு வழுக்கியிருந்தது. புருஷன் என்னவென்று கேட்கவில்லை, வையவில்லை. மொத்தப் பாரத்தையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு அந்தப் பாதிச் சொல்லோடு நின்றான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது.

"...சாய்ச்சுக்கிறேன்ணே."

பீரோ பூனைக்குட்டி மாதிரி திரும்பியது.

நிறுத்திவிட்டுக் காத்திருந்த அந்த முகம் அவளுக்குத் தெரியும். "சாப்பாடு..." என்று சொல்லிவிட்டு அவளைப் பார்க்கும் அதே முகம்.

கீழே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கொழுந்தனைப் பிடித்தாள். "அந்த நாக்குக் கதை நெஜமா?"

"அதுவா அண்ணி, வெளியாளுங்க நச்சரிப்பு தாங்காம நாங்களே..."

கோபப்படப் போனவள் சட்டென்று, "...கட்டி விட்டதா?" என்றாள்.

"அப்பாடா. அண்ணியும் ஒரு கை குடுத்துட்டாங்க."

"அப்ப பேரு வெச்சது யாரு?"

"யாருக்குத் தெரியும்? படியில நின்னு பாத்தவங்களா இருக்கும். நாங்க பேசறது ஆளுக்கு அரைதானே."

அன்று சாயங்காலம் புருஷன், "சாப்பாடு..." என்றான்.

"...ஆயிடுச்சு, கை கழுவுங்க."

நிமிர்ந்து பார்த்தான். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவன் மாதிரி இருந்தான். அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய 'உன்னைய மாதிரி ஒருத்தி...' உறைத்தது. இத்தனை வருஷமாக அந்தப் படியிலேயே நிற்கிறான் மனுஷன். ஒரு தடவைகூட வையவில்லை. '...கிடைக்க மாட்டா' என்று தன் வாயாலேயே சொல்ல அவளுக்கு வெட்கம். '...கிட்ட மாட்டிக்கிட்டேன்' என்று சொல்ல மனசு வரவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு வாயைத் திறந்தவள், "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள்.

அந்த அரை இன்னும் அவள் பேரில்தான் பாக்கி நிற்கிறது.