தைப்பூசத்தன்று ஒரு ஃபேக்ஸ்

பாங்காக் ரயில் சனிக்கிழமை பிற்பகல் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் படகு. கட்டணம் நாற்பது சென். திரும்பி வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். கிளம்பிப் போகிறவர்களிடம் கைநீட்டாத ஊர் நல்ல ஊராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

லெபு சூலியா என்ற தெருவில் ஒரு சீனர் விடுதியில் அறை கிடைத்தது. ஒரு நாளுக்கு இருபது வெள்ளி, அதாவது ரிங்கிட். எந்த ஊரிலும் மேசை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன், குளியலறையெல்லாம் அப்புறம். காரணம், நான் சென்னை வார இதழ் ஒன்றில் ராசிபலன் எழுதுகிறவள். எங்கே இருந்தாலும் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குள் பன்னிரண்டு ராசியும் ஃபேக்ஸில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். “ஒரு வாரம் தவறினாலும் வேற ஆளைப் போட்டுருவேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது” என்று ஆசிரியர் வழியனுப்பும்போதே சொல்லியிருந்தார். அந்த வேற ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும். நான் விமானம் ஏறிய அன்றே அவர் ஆசிரியருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தார். என் சோறும் பயணமும் அந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் நடந்தன.

உலகத்தைச் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கிறாய், கொடுத்துவைத்தவள் என்று தோழிகள் பெருமூச்சு விடுவார்கள். பாங்காக்கில் நான் நன்றாகப் பார்த்தது அறைச் சுவரையும் ஒரு ஃபேக்ஸ் கடையையும்தான் என்றால் நம்பவா போகிறார்கள்?

பினாங்கில் அப்படி ஆகக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக மேசையில் உட்கார்ந்தாயிற்று. எங்கோ நாகஸ்வரம் கேட்டது. தேங்காய் உடைபடும் சத்தம் வேறு, ஒன்றிரண்டல்ல, மூட்டை மூட்டையாக உடைக்கிறார்கள் போலிருந்தது. மகரத்துக்கும் கும்பத்துக்கும் நடுவில் எனக்கு எரிச்சலாக வந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, முருகனின் வெள்ளித் தேர் இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே கப்பலேறி வருகிறவர்கள் உண்டாம்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு, கையெழுத்தில் நான்கு பக்கங்களோடு கீழே இறங்கினேன். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே மதியம் ஒன்றரை வரை எனக்கு அவகாசம். லெபு பாசாரில் முதல் நாளே பார்த்து வைத்திருந்த ஃபேக்ஸ் கடை பூட்டியிருந்தது. அடுத்த கடையும் பூட்டு. தொலைபேசி அலுவலகமும் பூட்டு. திரும்பி வந்து விடுதிக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டுடே பப்ளிக் ஹாலிடே லா, மேடம். தைப்பூசம். யுவர் காட்!”

தைப்பூசம் எனக்குத் தெரியாதா? பஞ்சாங்கம் பையிலேயே இருந்தது. போன வாரப் பக்கத்தில் ‘தைப்பூசத்தன்று முருகனை வழிபட நினைத்தது நடக்கும்’ என்று ரிஷபத்துக்கு எழுதியவளே நான்தான். ஆனால் அதற்காக ஒரு ஊரே கடையைச் சாத்தும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அப்போதெல்லாம் சென்னையில் பூசத்தன்று எந்த அலுவலகம் மூடியிருந்தது? தலையெழுத்தை எழுதுகிறவளுக்குத் தன் தலையெழுத்து தெரியவில்லை பாருங்கள்.

“தமிழ் பீப்பிள் ஆல் கோ வாட்டர்ஃபால்” என்று அருவிப் பக்கத்து முருகன் கோயிலுக்கு வழிகாட்டினார் அவர். கடை இல்லாவிட்டால் கடைக்காரர்களையாவது பிடிக்கலாமே என்று கிளம்பினேன். பேருந்து பாதி வழியில் இறக்கிவிட்டது. மற்றதெல்லாம் நடை. ஜாலான் உத்தாமாவில் இருபுறமும் தண்ணீர்ப் பந்தல்கள், நடுவில் காவடிகள், மேளம். நான் காவடியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தேன்.

நாலைந்து பந்தல்களில் கேட்டுவிட்டேன். எல்லோரும் மோர்தான் கொடுத்தார்கள். அடுத்த பந்தலில் மஞ்சள் புடவையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்:

“பசியாறிட்டீங்களா அக்கா? ஏன் இப்படி வேர்த்து நிக்கிறீங்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். இதழின் பெயரைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அந்த ராசிபலன் நீங்களா? ஐயோ, நான் வாரா வாரம் படிக்கிறேன் லா! கன்னிக்கு நல்லதே எழுத மாட்டீங்களே!”

அவள் பெயர் பரமேஸ்வரி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அந்தப் பந்தலே அவர்கள் அலுவலகத்தார் போட்டதுதான். அலுவலகத்தில் ஃபேக்ஸ் உண்டு, ஆனால் அலுவலகச் சாவி முதலாளியிடம் இருந்தது. முதலாளி ஒரு சீனர். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, பெரிய அண்டாவில் ரோஜா சர்பத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி மலாயில் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஈரக்கையாலேயே சாவியை எடுத்துக் கொடுத்தார்.

“ஏறுங்க அக்கா, மோட்டோல போயிரலாம்.”

புடவையோடு அவள் மோட்டார் சைக்கிளை ஓட்ட, புடவையோடு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சந்து சந்தாகப் போய் அலுவலகத்தைத் திறந்தபோது மணி ஒன்று. சென்னை எண் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். கிடைக்கவில்லை. நாலாவது தடவை இயந்திரம் கிர்ரென்று முதல் பக்கத்தை இழுத்துக்கொண்டது. கடைசிப் பக்கமும் போய் முடிந்தது.

சற்று நேரத்தில் பதில் வந்தது. ‘கிடைத்தது. ஏன் இவ்வளவு தாமதம்?’ இங்கே தைப்பூச விடுமுறை என்று எழுதி அனுப்பினேன். ‘அதற்கெல்லாமா லீவு?’ என்று திரும்பி வந்தது. பரமேஸ்வரி அதை வாங்கிப் படித்தாள்.

“அங்க இன்னைக்கு லீவு இல்லியா? பழனி உங்க ஊர்லதானே இருக்கு?”

“இருக்கு. ஆனா லீவு கிடையாது.”

“பாவம் லா” என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள்.

பணத்தை எடுத்தேன். வெளிநாட்டு ஃபேக்ஸ், நான்கு பக்கம், முப்பது வெள்ளிக்குக் குறையாது. அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

“இன்னைக்குப் பந்தல்ல எதுக்குமே காசு வாங்க மாட்டோம் அக்கா. மோருக்கும் இல்ல, இதுக்கும் இல்ல. வாங்கினா முதலாளி என்னை ஏசுவாரு.”

அறைக்குப் போய்ப் படுக்கலாம், ஊர் பார்க்கலாம், இரண்டுக்கும் அன்று எனக்கு நேரம் இருந்தது. எதுவும் வேண்டாமென்று அவளோடு வண்டியில் ஏறிப் பந்தலுக்கே திரும்பினேன். முதலாளி ஒன்றும் கேட்காமல் ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தார். இருட்டும் வரை மோர் ஊற்றினேன். கை வலித்தது. நடுவில் ஒரு கிழவர் மோரைக் குடித்துவிட்டு, “பினாங்குல எந்தப் பக்கம்மா நீங்க?” என்று கேட்டார். எத்தனையோ ஊர்களிலிருந்து வேலையை அனுப்பியிருக்கிறேன், அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. “இந்தப் பந்தல்தாங்க” என்றேன்.