தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் காரை ஓரங்கட்டுகிறேன். காஷ்மீரில் கிளம்பி கன்னியாகுமரிக்குப் போகும் இந்தப் பயணத்தில் இவ்வளவு அழகான வளைவை நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் மலை, நடுவில் வழுக்கிக்கொண்டு இறங்கும் சாலை. படம் எடுத்து, "சொர்க்கம்" என்று எழுதி நண்பர்களுக்கு அனுப்புகிறேன்.

சாலையோரக் கடையில் ஓர் அக்கா டீ ஆற்றுகிறார். எதிரே தடுப்புச் சுவரில் ஒரு துண்டு மட்டும் புதிதாக இருக்கிறது.

"மேலேருந்து கியரே போடாம நியூட்ரல்லயே வந்துட்டேன்க்கா. சொட்டு பெட்ரோல் செலவில்ல" என்கிறேன், பெருமையாக.

அவர் டம்ளரை என் கையில் தராமல் பலகையில் வைக்கிறார்.

"அந்தச் செவுத்த இடிச்ச லாரிக்காரரும் அதயேதாங்க சொன்னாரு. டீசல் மிச்சமாவும்னு நியூட்ரல்ல வந்தேன், பிரேக் புடிக்கலன்னு. எங்க வூட்டுக்காரரு அந்தச் செவுத்தோரமாத்தான் கொய்யாப்பழம் வித்துக்கிட்டு இருந்தாரு."

பையில் செல்போன் விடாமல் அதிர்கிறது. நண்பர்கள் சொர்க்கத்துக்கு இதயம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

காரில் ஏறும்போது அக்கா பின்னாலிருந்து சொல்கிறார்:

"கியரப் போட்டே எறங்குங்க. கீழயும் கடைங்க இருக்குதுங்க."